அரிசி டிரம்முக்குள் வண்டு

கேள்வி கேட்காதவன் திருடன் என்று நான் நம்பினேன். மனிதனுக்கு மட்டுமில்லை, கைப்பேசியில் இருக்கிற ஆப்புக்கும் அதுதான் சட்டம் என்று நம்பினேன். ஐம்பது வயதைத் தொட்ட ஒருவன் இப்படி ஒரு மடத்தனத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டுமல்லவா? இருந்தது. நான் கம்பத்தில் திராட்சை வியாபாரி.

எங்கள் தொழிலில் பழம் கொடியில் தொங்கும்போதே பேசி முடித்துவிடுவோம். உண்மையாக வாங்க வந்த வியாபாரி பந்தலுக்குள் குனிந்து நுழையும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நுழைவான். ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து, "என்னங்க, காம்பெல்லாம் காஞ்சு கெடக்கு" என்பான். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, பழைய மோரைக் குடித்தவன் மாதிரி கண்ணை மூடுவான். கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது தண்ணீர் விட்டீர்கள், பக்கத்துத் தோட்டம் என்ன விலைக்குப் போனது, உங்கள் மாமனாருக்கு எந்த ஊர் என்பது வரை குடைந்து எடுப்பான். அவன்தான் பணம் கொடுப்பவன். எதுவுமே கேட்காமல், "அருமையான பழம், ஆள விட்டு வெட்டிக்கிறட்டுமா?" என்று சிரித்துக்கொண்டு ஒருவன் வந்தால், தோட்டக்காரர் படலை இழுத்துச் சாத்திவிட வேண்டும். லாரி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவனுடைய போன் அணைந்துவிடும். நானும் வாங்குகிற ஆள்தான். பழத்தைப் பார்த்து முகம் சுளித்துச் சுளித்து என் முகம் அப்படியே நின்றுவிட்டதாக என் மனைவி சொல்வாள்.

இந்த மகத்தான அறிவோடுதான் நான் என் அக்காவின் கைப்பேசியைக் கையில் வாங்கினேன்.

அக்கா கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள். சாயங்காலமானால் இந்தி டியூஷன். கம்பத்துக் கடைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை டில்லிக்கே அனுப்பிவிடப் போகிறவர்கள் மாதிரி அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பிள்ளைகள் குமுளியைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

கொஞ்ச காலமாக அக்காவுக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. "புனல் வழியாப் பாக்குற மாதிரி இருக்குலே" என்றாள். மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போன பார்வை வராது, இருப்பதை முடிந்த மட்டும் காப்பாற்றலாம் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டியதும் அக்கா என் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"ஏலே, இது வீட்டுக்கு வெளிய போகக்கூடாது. ஒனக்கும் ஒம் பொண்டாட்டிக்கும் தெரிஞ்சது போதும்."

"தெரிஞ்சா என்னக்கா?"

"மொதல்ல பரிதாபப்படுவாக. அப்புறம் பிள்ளைகள நிப்பாட்டுவாக. டியூஷன் நின்னுச்சுன்னா நான் ஒன் வீட்டு மாடியில போட்டு வச்ச ஓட்டக் கட்டிலு. இந்தப் பிள்ளைக பரீட்ச எழுதி முடிக்கட்டும். நல்லா எழுதிட்டாகன்னா, நானே ஒவ்வொரு வீடாப் போயி, இந்தக் கண்ண வச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் ஒன் வாயத் தச்சு வையி."

குலசாமி மேல் சத்தியம் செய்தேன். குலசாமி அன்று வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி அக்காவின் போனில் இரண்டு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்று வாசிக்கிற ஆப். புத்தகத்துக்கு மேலே போனைப் பிடித்தால், தமிழோ இந்தியோ, காதுக்குள் படித்துச் சொல்லும். அக்கா ஒரு காதில் மட்டும் சின்ன இயர்போனை மாட்டி, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, பாடத்தை முன்கூட்டியே கேட்டு மனசில் ஏற்றிக்கொள்வாள். அப்புறம் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லித் தப்பைத் திருத்துவாள். ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை. முன்னைவிட டீச்சர் இப்போது பயங்கர உஷார் என்று அவர்களுக்குள் பேச்சு.

இன்னொன்று விளையாட்டு. காதைப் பழக்குவதற்காம். திரையில் படமே கிடையாது, வெறும் கறுப்பு. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டால் ஒரு வண்டு சுற்றுகிற சத்தம் கேட்கும். வலது பக்கம் வரும், முதுகுக்குப் பின்னால் போகும், இடது தோளுக்கு மேலே நிற்கும். அது இருக்கிற பக்கம் சரியாகத் திரும்பித் திரையைத் தட்ட வேண்டும். தவறினால் சுர்ரென்று ஒரு கடி, கூடவே கேலிச் சிரிப்பு. முன்னேற முன்னேற நடுவில் பஸ் ஹாரன் வரும், மழை வரும், சந்தை இரைச்சல் வரும். அத்தனைக்கும் நடுவில் வண்டைப் பிடிக்க வேண்டும்.

முதல்நாள் மாடிக்குப் போனபோது, அக்கா அறையின் நடுவில் நின்று கைப்பேசியை ஏந்திக்கொண்டு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சாமி இறங்கிவிட்டது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "தள்ளி நில்லுலே, வண்டு ஒனக்குப் பின்னாடி நிக்கிது" என்றாள். அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இந்த ஆட்டம் முடியட்டும்" என்று பதில் வரும். பிள்ளைகளை அதே காரியத்துக்காக அடிக்கிற தாய்மார்கள் வாழும் தெரு அது.

ஒருநாள் சும்மா கேட்டேன். "இந்த ஆப்பு ஒன் நம்பர் கேட்டுச்சா?"

"இல்ல."

"ஓடிபி?"

"வரல."

"பேராவது?"

"பேரு எதுக்கு? வண்டு என்னயப் பேரு சொல்லியா கூப்பிடப் போகுது? அந்தப் பொண்ணு வெவரமாச் சொல்லுச்சு. வாசிக்கிறது, வெளாடுறது எல்லாம் இந்தப் போனுக்குள்ளயே நடக்குதாம். படம், பேச்சு எதுவும் வெளிய போகாதாம். நெட்ட அமத்திட்டாலும் வாசிக்கும். ஏலே, ஒன் மூஞ்சி ஏன் அழுகுன பழம் மாதிரி போகுது?"

என் மூஞ்சி அப்படித்தான் போயிருக்கும். நம்பர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு "வெட்டிக்கிறட்டுமா?" என்று பந்தலுக்குள் வந்து நிற்கிறான் ஒருவன்.

என் போனில் இருக்கிற ஆப்புகளின் லட்சணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டார்ச் அடிக்கிற ஆப் ஒன்று. அது என் தொடர்பு எண்கள், நான் நிற்கிற இடம், என் குரல் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. லைட் எரிவதற்கு என் மாமனார் நம்பர் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அமுக்கினேன். ராசிபலன் ஆப் பிறந்த நேரம் கேட்டது, கொடுத்தேன். ஆதாரைப் படம் எடுத்துப் போடச் சொன்னது, போட்டேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி. தாலுகா ஆபீஸ் மாதிரி இத்தனை கேட்கிறார்களே, கண்டிப்பாக முறையான ஆட்களாகத்தான் இருப்பார்கள்!

அக்காவின் ஆப்தான் என்னைத் தூங்கவிடவில்லை. புத்தகத்தைப் பார்க்கிற அந்தக் கேமராக் கண் அவளுடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் பார்த்திருக்குமே? எங்கோ ஒரு கட்டடத்தில் எவனோ அதைப் படித்துக்கொண்டிருப்பான். அவன் கம்பத்துக்குத் தகவல் சொல்வான். நாளைக்கு ஆட்டோவில் மைக் கட்டி, "இந்தி டீச்சருக்குக் கண் தெரியவில்லை" என்று வடக்குப்பட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார்கள். அவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். பீதியில் இருப்பவன் லாப நஷ்டக் கணக்கு பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரிப் பெண்ணின் நம்பர் அக்காவிடமே இருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் எப்படி நானாவேன்? நேராகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரன் யாருடைய போனிலோ திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். போனுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, ஒரு ஆப்பு. கண்ணு தெரியாதவகளுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுமாம். ஆனா நம்பரே கேக்க மாட்டேங்குது. நம்பலாமா?"

"யாருக்குண்ணே கண்ணு தெரியல?"

"யாருக்கும் இல்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா எதுக்குக் கேக்கப் போறீக? மதினி நல்லாத்தான இருக்காக?"

"அவளுக்கென்ன? நான் தெருமுனையில ரெண்டாவது வடை எடுக்குறத வாசல்ல இருந்தே பாத்துருவா."

"அப்ப யாருக்கு?"

இவ்வளவு கடுமையான விசாரணையை யாரால் தாங்க முடியும்? குனிந்து அவன் காதருகே போய், "எங்க அக்காவுக்குத்தான். வெளிய சொல்லிறாத" என்றேன். என் குரல் பந்தலின் அந்தக் கோடியில் வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவரிடமும், "நீங்களும் சொல்லிறாதீக" என்று கேட்டுக்கொண்டேன். ரகசியம் காப்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை.

கடைக்காரன் தன் தீர்ப்பைச் சொன்னான். "கேக்காத ஆப்ப நம்பாதீகண்ணே. நல்ல ஆப்புன்னா நாலு விசயம் கேக்கும்." ஒட்டுகிற கண்ணாடிக்குள் குமிழி வராமல் பார்த்துக்கொள்ளத் தெரியாத அந்த மேதையின் வார்த்தையை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

அதோடு நின்றேனா? வாழைக்காய் மண்டிக்காரரிடம் கேட்டேன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவரிடம் கேட்டேன். அவர், "அங்கன மலை மேல ஒருத்தனுக்கு இப்பிடித்தான் ஆச்சு. சூக்ஷிக்கணும்ணே" என்று பாதி மலையாளத்தில் எச்சரித்தார். கவனமாக இரு என்பதை மலையாளத்தில் கேட்டால் பயம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. ஒவ்வொருவரிடமும் யாருக்கு என்பதைச் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினேன்.

கடைசியாகத் தேனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற என் மச்சினனுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். எழுத்தாக அனுப்பினால் யாராவது படித்துவிடுவார்கள் என்று குரலாக அனுப்பினேன். இந்த யோசனை எனக்குத் தானாகவே தோன்றியது. யார் மேலும் பழி போட முடியாது.

மச்சினன் உடனே பதில் போடவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே போகாது என்று எங்கோ கேட்ட ஞாபகம். மறுநாள் சாயங்காலம் அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து மாடிக்குப் போய் அவளுடைய போனை எடுத்துவந்து, எங்கள் அடுப்படியில் இருக்கிற எவர்சில்வர் அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடியை இறுக்கினேன். என் மனைவி கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அரிசிக்குள்ள என்னத்தப் பொதைக்கிறீக?"

"சிக்னல் வெளிய போகாம இருக்கணும்ல."

"நெட்ட அமத்தி வச்சாலே வாசிக்கும்னு மதினி சொன்னாகளே. பயமா இருந்தா அத அமத்த வேண்டியதுதான?"

சில பேருக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். மாடியில் பாடம் தொடங்கியது. நான் படிக்கட்டின் அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று புதுப் பாடம். அக்கா அதை இன்னும் காதில் கேட்கவில்லை. போனைத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. பிள்ளைகள் வாசித்தார்கள். ஓரிடத்தில் எல்லோருக்கும் சிக்கியது. "டீச்சர், இது என்ன வார்த்த?" என்று கேட்டார்கள். மேலே சத்தமே இல்லை. புத்தகத்தை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டியிருப்பார்கள். அப்புறம் அக்காவின் குரல் கேட்டது. "எழுத்து எழுத்தாச் சத்தமாச் சொல்லுங்க. நீங்களே கண்டுபிடிப்பீக." சொன்னார்கள், கண்டுபிடித்தார்கள். எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

அந்த மூச்சு முழுதாக வருவதற்குள் அடுப்படியில் ரீங்காரம் கேட்டது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரத்துக்கு அக்கா அலாரம் வைத்திருந்தாள். அலாரத்துக்கு அந்த வண்டுச் சத்தத்தையே வைத்திருந்தாள். சிக்னலை என்ன செய்ததோ தெரியாது, சத்தத்தை அந்த டிரம் கோயில் மணி மாதிரி பெருக்கிக் கொடுத்தது. அக்கா சுவரைத் தொட்டுக்கொண்டே படி இறங்கினாள். என்னைத் தாண்டிப் போனாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், வண்டு விளையாட்டில் சாய்ப்பது போல. கீழே கிடந்த அரிவாள்மனையைச் சுற்றிப் போய், தண்ணீர்க் குடத்தில் இடிக்காமல், நேராக டிரம் மூடியில் கையை வைத்தாள்.

"அரிசியில வண்டு விழுந்துருச்சு போலயே" என்றாள். திறந்து, போனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினாள். "எவங்கிட்டயாவது இதப்பத்திக் கேட்டியாலே?"

"சேச்சே" என்றேன்.

அவள் என் பக்கம் சரியாகத் திரும்பிப் பார்த்தாள். சத்தத்தை வைத்தே பொய்யையும் பிடிக்கிற நிலைக்கு அவள் முன்னேறியிருப்பாளோ என்று அப்போது லேசாகப் பயந்தேன்.

அதே வாரத்தில் டியூஷன் விடுகிற நேரமாகப் பார்த்துச் சின்னமனூர்ச் சித்தி வந்து இறங்கினாள். ஒரு கையில் கேரட் நிறைந்த பை, இன்னொரு கையில் குச்சனூர் கோயில் விபூதி. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் சிலர் வாசலில் நின்றார்கள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளைகளை அனுப்பக் கீழே வந்திருந்த அக்காவின் முகத்துக்கு முன்னால் விரல்களை விரித்து ஆட்டினாள்.

"ஆத்தா, இது எத்தனன்னு சொல்லு!"

"வெரலா சித்தி அது? நான் முருங்கக்கான்னுல்ல நெனச்சேன்" என்றாள் அக்கா.

"சிரிக்கிறா பாரு! கண்ணு ரெண்டும் போயிருச்சாமே, சிரிக்கிறாளே!" என்று சித்தி அழத் தொடங்கினாள்.

வாசலில் நின்ற தாய்மார்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ, சொன்னால் வெட்கம், அந்த நேரத்தில் முதலில் வந்தது சந்தோஷம். நான் ஜெயித்துவிட்டேன்! "பாத்தியாக்கா! நான் நெனச்சேன்! அந்த ஆப்புதான்! ஒண்ணுமே கேக்காம இருந்துச்சே, அப்பவே எனக்குத் தெரியும்!" என்று வீட்டுக்கும் வாசலுக்குமாகக் குதித்தேன்.

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. "சித்தி, ஒங்களுக்கு யாரு சொன்னாக?"

"யாரா? ஒந் தம்பிதான். வாட்ஸப்புல எனக்கும் வந்துச்சு, எங்க தெருவுல எல்லாத்துக்கும் வந்துச்சு. இந்தா, நீயே கேளு."

சித்தி போனை அமுக்கினாள். தெருவுக்கே கேட்கும்படி என் குரல் வந்தது.

"மாப்ள, நான்தான். ஒரு ரகசியம். எங்க அக்காவுக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு. ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. டியூஷன் பிள்ளைகளோட அப்பன் ஆத்தாளுக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிப்புடுவாக. ஒரு ஆப்பு மேல சந்தேகமா இருக்கு. அதனால யாருகிட்டயும் சொல்லாம, நாலு பேருகிட்ட நல்லா விசாரிச்சுச் சொல்லு."

மச்சினன் சொன்ன சொல் தட்டாதவன். நாலு பேரிடம் விசாரித்திருக்கிறான்.

அக்கா கடைசி வரை கேட்டாள். "வீட்டு அட்ரஸ் மட்டுந்தான் விட்டுப்போச்சு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஊருல ஒருத்தர் பாக்கியில்லாமக் கேட்டுருக்க. சொல்லலாமான்னு எங்கிட்டக் கேட்டியாலே?"

வாசலில் நின்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார்கள்.

மச்சினன் சில நாள் கழித்து வந்து அக்காவின் போனை அலசிப் பார்த்தான். அந்த இரண்டு ஆப்பும் அதிலிருந்து எதையும் எங்கும் அனுப்பியிருக்கவில்லை. பரீட்சைக்கு முன்னாலேயே பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். மீதிப் பிள்ளைகளுக்கு அக்கா இப்போது போனை மேஜை மேல் வைத்து, சத்தமாக வாசிக்கவிட்டே பாடம் எடுக்கிறாள்.

போன தடவை மதுரைக்கு என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு வண்டு பிடிக்க எழுந்து போனாள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.